டிக்கெட்டை மூடியவர் யார்?

மென்பொருள் செய்யும் அஜைல் முறைக்கு வகுப்பு எடுக்கிறவர் யாரிடமாவது கிரைஸ்லர் கதையைக் கேளுங்கள். முகம் மலரச் சொல்வார். அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லருக்கு, ஊழியர்களின் சம்பளக் கணக்கைப் போட ஒரு புதிய மென்பொருள் தேவைப்பட்டது. திட்டத்துக்கு 'சி3' என்று பெயர். வேலை இழுத்துக்கொண்டே போனது. 1996-இல் கென்ட் பெக் என்ற மென்பொருள் பொறியாளர் உள்ளே வந்தார். ஒரே கணினி முன்னால் இருவர் உட்கார்ந்து நிரல் எழுதுங்கள் என்றார். நிரலுக்கு முன்பே டெஸ்டை எழுதுங்கள் என்றார். சம்பளக் கணக்கு தெரிந்த ஒருவரை டீமோடு உட்கார வைத்தார். 1997-இல் அந்த மென்பொருள் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது. அஜைல் முறைகளில் ஒன்றான 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' பிறந்தது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த ஸ்லைடு.

ஏன் அவசரமாக அடுத்த ஸ்லைடு? கதை அங்கே முடியவில்லையே! 80,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை எட்டுவது அந்தத் திட்டத்தின் இலக்கு. எட்டவில்லை. முதல் வெற்றி கிடைத்துச் சில மாதங்களில், டீமோடு உட்கார்ந்திருந்த அந்தச் சம்பளப் பிரிவு ஊழியர் வேலைப் பளு தாங்காமல் விலகிப் போனார். அந்த இடத்தை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. 1998-இல் கிரைஸ்லரை டைம்லர்-பென்ஸ் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2000 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். கென்ட் பெக்கின் புகழ்பெற்ற எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் நூல் வெளிவந்தது 1999 அக்டோபரில். நூல் கடைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அந்த முறை பிறந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

இதனால் அந்த முறை பொய்யாகிவிட்டதா? இல்லை. நிரலுக்கு முன் டெஸ்ட் எழுதுவது இன்றும் நல்ல பழக்கம்தான். என் கேள்வி வேறு. பாதிக் கதையை ஏன் சொன்னார்கள்? நீங்கள் ஏன் பாதியோடு எழுந்து வந்தீர்கள்? கோயில் தலபுராணத்தில்தான் குஷ்டம் குணமான அரசன் மட்டும் வருவான். குணமாகாமல் திரும்பிய ஆயிரம் பேரைப் பற்றி ஒரு வரி இருக்காது. பொறியாளருக்குப் பாடமாக வைக்கிற நிஜத் திட்டம் அப்படியா இருக்க வேண்டும்?

முழுக் கதையில்தான் படிக்க வேண்டியது இருக்கிறது. வாடிக்கையாளர் பக்கத்து ஆள் ஒருவர் எப்போதும் டீமோடு இருக்க வேண்டும் என்பது முறையின் விதி. சரி, அந்த ஒருவர் மனிதர்தானே? எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும், எது முந்தி எது பிந்தி என்று அவரே தீர்மானிக்க வேண்டும், தன் மேலதிகாரிகளுக்கும் அவரே விளக்க வேண்டும். எத்தனை மாதம் தாங்குவார்? ஒரு முறை தன் எடை முழுவதையும் ஒரே தோளில் இறக்கினால், அந்தத் தோள் ஒடியும்போது குற்றம் தோளுடையதா? இந்தக் கேள்வியை எந்தச் சான்றிதழ்த் தேர்விலாவது கேட்டிருக்கிறார்களா?

அஜைல் பிரகடனம் எழுதப்பட்டது 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்நோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில். எழுதியவர்கள் 17 பேர். நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கொள்கைகள். வானத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. தங்கள் வேலையில் அடிபட்டவர்கள் கூடி உட்கார்ந்து, நமக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியாது, எனவே கொஞ்சம் செய்வோம், பயன்படுத்துகிறவரிடம் காட்டுவோம், தப்பென்றால் திருத்துவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அதில் பிடித்ததே இந்த ஒப்புதல்தான். தவறக்கூடியவன் நான் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குகிற எந்த ஏற்பாட்டையும் ஒரு பகுத்தறிவாளன் மதிப்பான்.

அதை நாம் என்ன செய்தோம்?

தினமும் காலையில் ஸ்டாண்டப் கூட்டம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை ஏதும் உண்டா. தடை இல்லை. அடுத்தவர். அவருக்கும் தடை இல்லை. அதற்கடுத்தவருக்கு மூன்று நாளாக டெஸ்ட் சர்வரே கிடைக்கவில்லை, ஆனாலும் தடை இல்லை, ஏனென்றால் கிளையன்ட் லைனில் இருக்கிறார். இந்த மூன்று கேள்விகளை, இன்னொரு அஜைல் முறையான ஸ்க்ரமின் வழிகாட்டி தன் 2020 பதிப்பிலேயே எடுத்துவிட்டது. உங்கள் ஸ்க்ரம் மாஸ்டருக்கு அது தெரியுமா? தெரிந்தும் கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வேலையின் அளவை மதிப்பிடும் ஸ்டோரி பாயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழிகாட்டியில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. கிரைஸ்லர் டீமில் இருந்தவரும் பிரகடனத்தில் கையெழுத்திட்டவருமான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டை ஒருவேளை நான்தான் கண்டுபிடித்தேனோ என்னவோ, அப்படியென்றால் மன்னியுங்கள் என்ற பொருளில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். கண்டுபிடித்தவரே வருந்துகிறார். நாம் இன்னும் இது 5-ஆ 8-ஆ என்று அரைமணி நேரம் வாதாடுகிறோம். போன ஸ்ப்ரின்ட்டில் 30 பாயின்ட், இந்த ஸ்ப்ரின்ட்டில் 40 வேண்டும் என்கிறார் மேனேஜர். 40 கிடைக்கும். வேலை கூடாது, எண் கூடும். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

அஜைலுக்கு எதிரி என்று காட்டப்படும் மறுபக்கத்து அரக்கனும் இப்படிப் பாதிக் கதையால் செய்யப்பட்டவன்தான். 'வாட்டர்ஃபால்' முறைக்குத் தந்தை என்று வின்ஸ்டன் ராய்ஸைக் காட்டுவார்கள். 1970-இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் படிக்கட்டுப் படம் இருக்கிறது, உண்மை. அதே கட்டுரையில், இப்படியே நேராக இறங்கிப் போனால் ஆபத்து, தோல்வியை அழைத்த மாதிரி என்று எச்சரிக்கையும் இருக்கிறது. படத்தைப் பார்த்தார்கள், பக்கத்தைப் படிக்கவில்லை. நான் சொல்வதையும் அப்படியே நம்பாதே, உன் அறிவால் உரசிப் பார் என்று பெரியார் மேடை மேடையாகச் சொன்ன நாட்டில் படித்து வளர்ந்த பொறியாளர், இரண்டு நாள் வகுப்பில் சொன்னதை உரசிப் பார்க்காமல் சான்றிதழை லிங்க்டுஇன்னில் மாட்டுவது எதில் சேர்த்தி?

சரி, உரசிப் பார்க்கத் தகுந்த திட்டம் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றப் பார்த்த கதை. முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலரை விழுங்கிவிட்டு 2005-இல் கைவிடப்பட்டது. இரண்டாவது முயற்சிக்கு 'சென்டினல்' என்று பெயர். 2006-இல் லாக்ஹீட் மார்ட்டினிடம் ஒப்பந்தம். மொத்த ஒதுக்கீடு 45.1 கோடி டாலர் வரை போனது. 2010 ஆகஸ்டில் அதில் ஏறக்குறைய 40.5 கோடி செலவாகியிருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தன. அதன்பிறகு எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்தது, ஆட்களைப் பெரிதும் குறைத்தது, இரண்டு வார ஸ்ப்ரின்ட்டுகளாகப் பிரித்துச் செய்தது. 2012 ஜூலையில் எல்லோருக்கும் கிடைத்தது.

இந்த அளவோடு நிறுத்தினால் இதுவும் தலபுராணம்தான். நடுவில் நடந்ததைப் பாருங்கள். 2011 செப்டம்பரில் முடிப்போம் என்று சொல்லியிருந்தார்கள். 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கான நிஜ ஊழியர்களை உட்கார வைத்து ஒரே நேரத்தில் பயன்படுத்தச் சொன்னார்கள். சில மணி நேரத்துக்குள் அமைப்பு இரண்டு முறை நின்றுபோனது. பழைய ஹார்டுவேர் தாங்காது என்று தெரிந்தது. என்ன செய்தார்கள்? தேதியைத் தள்ளிப் போட்டார்கள். அவமானம்தான். பத்திரிகையில் வந்தது, தணிக்கை அறிக்கையில் வந்தது. ஆனால் நின்றுபோனது சோதனை நாளில், அவர்கள் கண்முன்னே. நான் இந்தத் திட்டத்தில் மதிப்பது இரண்டு வார ஸ்ப்ரின்ட்டை அல்ல, தாமதத்தை ஒப்புக்கொண்ட அந்த ஒன்பது மாதத்தைத்தான்.

தவறை ஒப்புக்கொள்ளாதவர்களிடம் வருவோம்.

பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸ், 1999 முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைப் பொருத்தியது. செய்தது புஜிட்சுவின் ஐ.சி.எல். பாத்வே. கிளைகளை நடத்தியவர்கள் ஊர்க் கடைக்காரர்கள் மாதிரியான எளிய மனிதர்கள், சப்-போஸ்ட்மாஸ்டர்கள். மாலையில் கணக்கு முடிக்கும்போது திரை சொல்லும்: ஆயிரம் பவுண்டு குறைகிறது. மறுபடி தட்டினால், இரண்டாயிரம் குறைகிறது. ஒப்பந்தப்படி அந்தக் குறையை அவர்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்றது போஸ்ட் ஆபீஸ். உதவி எண்ணுக்குப் போன் செய்தார்கள். வேறு யாருக்கும் இப்படி வரவில்லையே, உங்களுக்கு மட்டும்தான் என்ற பதில் பலருக்கும் கிடைத்தது. நூற்றுக்கணக்கானவர்களிடம் தனித்தனியாக, உனக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள்!

திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களில் கர்ப்பிணியும் உண்டு. வீட்டை விற்றவர்கள், திவாலானவர்கள், ஊராரால் திருடர் என்று ஏசப்பட்டவர்கள். குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இதில் தொடர்பு இருக்கலாம் என்று பொது விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் சொன்னது. 2019-இல் உயர் நீதிமன்றம், ஹொரைசனில் பக்குகள் இருந்தன, தொடக்க ஆண்டுகளில் அது நம்பத்தகுந்ததாகவே இல்லை என்று தீர்ப்பளித்தது. 2024-இல் தண்டனைகளை ரத்து செய்யத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

இதற்கும் அஜைலுக்கும் என்ன சம்பந்தம், ஹொரைசன் அஜைல் திட்டம் இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் அதன் கவுன்டர் மென்பொருளின் தொடக்கப் பகுதிகளை எப்படி எழுதினார்கள் தெரியுமா? ஆவணம் எழுதி நேரத்தைப் போக்காமல், போஸ்ட் ஆபீஸ் ஆட்களோடு கூடி உட்கார்ந்து, மாதிரியைச் செய்து காட்டிக் காட்டி, வேகமாக. 'ராட்' என்று அன்றைக்குப் பெயர். அஜைலுக்கு நெருங்கிய சொந்தக்காரர்தான். வேகமும் இருந்தது, வாடிக்கையாளரும் பக்கத்தில் இருந்தார். என்ன இல்லை? தப்பு என்று ஒருவர் சொல்லும்போது, ஆமாம், தப்பாக இருக்கலாம் என்று கேட்கிற காது இல்லை. அந்தக் காது இல்லாவிட்டால் உங்கள் ஸ்ப்ரின்ட் இரண்டு வாரமாக இருந்தால் என்ன, இரண்டு வருடமாக இருந்தால் என்ன?

இன்னொன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் சட்டம் 1999-க்குப் பிறகு, மாறாகக் காட்டப்படாதவரை கணினி சரியாகத்தான் இயங்குகிறது என்று எடுத்துக்கொண்டது. தவறு என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். அவரிடம் நிரல் இல்லை, லாக் இல்லை, பக் பட்டியல் இல்லை. தவறே செய்யாத ஒன்று, அதைக் கேள்வி கேட்பவரே குற்றவாளி. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? கடவுளைக் கும்பிடாத எத்தனையோ பொறியாளர்கள் எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் சிஸ்டம் காட்டுவதுதான் சார் உண்மை என்று சொல்லும்போது குரலில் வருகிற பக்தி இருக்கிறதே, எந்த மார்கழிப் பஜனைக்கும் குறைந்ததல்ல.

கணினி தானாக நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சி சொல்லவில்லை. மனிதர்கள் போனார்கள். புஜிட்சுவின் நிபுணர் சாட்சி, தனக்குத் தெரிந்திருந்த பக்குகளை நீதிமன்றத்தில் வெளியிடவில்லை என்று 2013-இல் போஸ்ட் ஆபீஸ் தரப்பு வழக்கறிஞர் ஒருவரே எழுத்தில் கொடுத்தார். அதற்குப் பிறகும் உண்மை வெளியே வரப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது உங்கள் ஜிராவைத் திறங்கள். வெள்ளிக்கிழமை மாலை. டிக்கெட் ஒன்று இருக்கிறது. ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை பதிவாகிறது, எப்போதாவது, நெட்வொர்க் தடுமாறும்போது மட்டும். டெஸ்டர் பெண் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். மறுபடி காட்டு என்றார்கள், அந்த நேரத்தில் வரவில்லை. எட்ஜ் கேஸ், அடுத்த ரிலீசில் பார்ப்போம் என்று டிக்கெட்டை மூடிவிட்டு, டெமோவில் பச்சை நிறம் காட்டினார்கள். யார் மூடினார்கள்? டீம் மூடியது என்று சொல்லாதீர்கள். டீமுக்குக் கை கிடையாது. ஒரு மனிதனின் விரல் அந்தப் பொத்தானை அழுத்தியது. அந்த அழுத்தம் ஒரு சாட்சியம். இந்த மென்பொருள் சரியாக வேலை செய்கிறது என்று நீங்கள் பார்த்திராத ஒருவரிடம், உங்களைக் கேள்வி கேட்க வழியில்லாத ஒருவரிடம், நீங்கள் கொடுத்த வாக்குமூலம். ரேஷன் கடைப் பொத்தானோ, வங்கிக் கணக்கோ, மருத்துவமனை மருந்து அளவோ, கடைசியில் அந்தத் திரைக்கு முன்னால் ஒருவர் நிற்பார்.

நான் சின்ன டெவலப்பர், மேனேஜர் சொன்னார், கிளையன்ட் அவசரப்படுத்தினார் என்பீர்கள். அது உண்மை. அமெரிக்காவில் பொழுது விடிந்தால் இங்கே சென்னை ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் இரவு. பத்து மணிக்கு ஸ்க்ரம் கால், பதினொன்றரைக்கு கேப், மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இந்த நிலையில் யாருக்கு நிமிர்ந்து நிற்கத் தெம்பு இருக்கும்? ஆனால் இதே பிரகடனத்தின் கொள்கைகளில் ஒன்று, எந்த வேகத்தைக் காலவரையின்றித் தொடர முடியுமோ அந்த வேகத்தில் வேலை செய்யுங்கள் என்கிறதே. கிளையன்ட்டும் அதே வேகத்தில்தான் போக வேண்டும் என்கிறது. அஜைலின் பெயரில் ஸ்டாண்டப் மட்டும் கடல் தாண்டி வந்துவிட்டது. இந்தக் கொள்கை எந்த விமான நிலையத்தில் இறங்கியது? களைத்த மனிதன் தப்பு செய்வான், செய்த தப்பை மறைப்பான். எனவே நிறுவனங்களே, ஓய்வைச் சலுகையாகக் கணக்கிடாதீர்கள். அதற்கான விலையை உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிற யாரோ ஒருவர் கட்டுகிறார்.

ஸ்ப்ரின்ட் முடிவில் நடக்கும் ரெட்ரோ கூட்டத்தில் எல்லாம் பேசலாமே என்பார் மேனேஜர். அப்ரைசல் போடுகிறவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தால் யார் பேசுவார்? பேச வைத்தவர்களும் உண்டு. அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1-இல் திறந்து, முதல் நாளில் வெறும் ஆறு பேர் மட்டுமே காப்பீட்டில் சேர முடிந்தது என்று சிரிப்பாய்ச் சிரித்தது. மீட்க வந்த மைக்கி டிக்கர்சனின் குழு, தினசரிக் கூட்டத்துக்குச் சில விதிகள் வைத்தது. கூட்டம் பிரச்சினையைத் தீர்க்க, பழி போட அல்ல. பெரிய பதவிக்காரர் பேச வேண்டியதில்லை, விஷயம் தெரிந்தவர் பேசட்டும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் எது கழுத்தை நெரிக்குமோ அதை மட்டும் பாருங்கள். இதில் ஒரு மந்திரமும் இல்லை. ஆனால் உங்கள் அடுத்த கிளையன்ட் காலில், பக்கைக் கண்டுபிடித்த அந்த டெஸ்டர் பெண்ணை, தன் வாயாலேயே விளக்கச் சொல்லிப் பாருங்களேன். 'நீ மியூட்டில் இரும்மா, நான் பேசிக்கிறேன்' என்று எத்தனை லீடுகள் சொல்லியிருக்கிறார்கள்?

சரி, கண்ட தப்பை எழுதி வைத்தால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் நடக்காமலும் போகலாம். வேலை போகும் அபாயமும் உண்டு. அதை மறைத்து உங்களை உசுப்பேற்ற நான் விரும்பவில்லை. நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1998-இல், ஹொரைசன் கிளைகளுக்குப் போகும் முன்பே, அதன் கவுன்டர் மென்பொருளை ஆராய ஐ.சி.எல். பாத்வே தன் ஊழியர்களை வைத்தே ஒரு குழு அமைத்தது. குழுவினர் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. நிரலின் தரம் மோசம் என்று எழுதினார்கள். உதாரணமும் கொடுத்தார்கள்: ஒரு எண்ணின் கூட்டல் கழித்தல் குறியை மாற்ற ஒரே வரி போதும், அதற்கு ஒருவர் 'இஃப்', 'எல்ஸ்' எல்லாம் போட்டுச் சுற்றி வளைத்து எழுதியிருந்தார். எழுதியவருக்கு அடிப்படைக் கணக்கே தெரியவில்லை என்றார்கள். இதைத் திருத்திப் பயனில்லை, புதிதாக எழுதுவது பற்றி யோசியுங்கள் என்ற திசையில் எச்சரித்தார்கள். மேலிடம் ஒட்டுப் போட்டே ஓட்டியது. அறிக்கை அலமாரிக்குப் போனது. 2022-இல் பொது விசாரணை அந்த அறிக்கையைத் திரையில் போட்டது. அறிக்கையை எழுதியவரும் வந்து சாட்சி சொன்னார். அதைப் படித்த பிறகும் கிளைகளுக்கு அனுப்பலாம் என்றிருந்த நிர்வாகிகளும், 24 ஆண்டுகள் கழித்து, உறுதிமொழி எடுத்து உட்கார்ந்து, பத்தி பத்தியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.